ஊர்சுற்றிகளுக்கு ஏற்ற பாலிஷ்

மரச் சாமானுக்குப் பாலிஷ் போடும் அவலரக்கு (ஷெல்லாக் சில்லு) கால் கிலோ, 350 ரூபாய். சென்ற தை மாதம் பாரிமுனையில், நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் ஒரு பழைய கடையில் வாங்கினோம். தேன் நிறத்தில், மெல்லிய கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். கையில் அள்ளினால் சலசலவென்று சத்தம். இந்த ஒரு வருடத்தில் அதை வைத்து ஒரு சாய்வு நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடிச் சட்டம், என் மாமியாரின் தையல் மெஷின் மூடி, ஒரு காபி ட்ரே என்று நான்கு சாமான்களைத் தேற்றிவிட்டோம். ஐந்தாவதாக ஊஞ்சல் பலகை பாதியில் நிற்கிறது. பாட்டிலின் அடியில் இன்னும் ஒரு பிடி மிச்சம்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். இவர், என் கணவர், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கணக்கு டீச்சர். நானும் ஓய்வு பெற்ற மறு மாதமே பெட்டியைக் கட்டிவிட்டோம். ரயில்வே பாஸில் பாதி, கைக்காசில் பாதி என்று ஒரு வருடத்தில் 11 பயணம். கொஞ்ச நாள் வெளியூர், கொஞ்ச நாள் பெரம்பூர் வீடு. வீட்டில் இருக்கும் நாளில்தான் மர வேலை. பக்கத்து வீட்டு அம்மா, "நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னு உப்புத்தாள் சத்தத்தை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கறோம்" என்கிறார்.

முதலில் நாங்கள் வாங்கியது அவலரக்கு அல்ல. இரண்டு டப்பாவாக வருமே, ஒன்றில் பாலிஷ், ஒன்றில் ஹார்ட்னர், அந்த வகை. கடையில் எல்லாரும் அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். ஒரு கை (அதாவது ஒரு பூச்சு) அடித்து, காய்ந்து, தேய்த்து, மறு கை அடித்து என்று விடாமல் கூடவே நிற்க வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு கை அடித்துவிட்டு மறுநாள் காரைக்குடிக்கு ரயில் ஏறினோம். திரும்பி வந்தால் பிரஷ் கல். நாற்காலியின் கையில் விட்ட இடமும் தொட்ட இடமும் கோடு போட்ட மாதிரி தனித்தனியாகத் தெரிந்தன. அதைச் சுரண்டி எடுக்க நான்கு நாள் ஆனது. தப்பு எங்களுடையது. கல்யாண வீட்டுச் சமையலை ஒற்றை அடுப்பில் தொடங்கினால் இப்படித்தான்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனபோது ஒரு பெரியவர் பர்மா தேக்குச் சட்டம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் இல்லை. வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்த ஒரு பொட்டலம், அவ்வளவுதான். "இது என்னங்கய்யா?" என்று கேட்டேன். "அரக்கும் ஸ்பிரிட்டும்தாம்மா. இன்னைக்கி ரெண்டு கை, அடுத்த வாரம் ரெண்டு கை. அவசரமில்லை" என்றார். அந்தச் சட்டத்தையே பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்தோம். அப்புறம்தான் பாரிமுனைப் பயணம்.

அவலரக்கின் சூட்சுமம் இதுதான்: புதிதாகத் தடவும் கையில் உள்ள ஸ்பிரிட் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்), கீழே காய்ந்திருக்கும் பழைய கையைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். நடுவில் ஒரு மாதம் போனாலும் கோடு தெரியாது. ஒரு கை சில நிமிடங்களில் தொடுகிற அளவுக்குக் காய்ந்துவிடும். காலையில் பால்காரருக்கும் டிபனுக்கும் இடையில் இரண்டு கை போடலாம். எங்களைப் போல காலில் சக்கரம் கட்டியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கலக்குவது சுலபம். 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 25 கிராம். கண்ணாடி பாட்டிலில் ராத்திரி போட்டு, நினைத்தபோதெல்லாம் ஆட்டிவிட்டால் காலையில் கரைந்திருக்கும். மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இரும்பு டப்பா வேண்டாம், நிறம் கறுத்துவிடும். கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அப்புறம் சரியாகக் காயாது, பிசுபிசுக்கும். அதனால் கொஞ்சமாகக் கலந்து பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுகிறேன். (டீச்சர் புத்தி.) ஊருக்குப் போகும்போது சில்லாகவே விட்டுவிட்டுப் போகலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஸ்பிரிட் விஷம், தீயும் பற்றும். அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுவரக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாண்டவர்களைக் கொளுத்தத் துரியோதனன் எதில் வீடு கட்டினான் என்று இவர் ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்துவார்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் பழைய சரக்கு. வேறொரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 100 கிராம் வாங்கி ஏமாந்தேன். இரண்டு நாள் ஊறியும் கரையாமல் ஜவ்வு மாதிரி நின்றது.

இது பூச்சி தரும் பொருள் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. அரக்குப் பூச்சி மரக்கிளையில் கூட்டமாக உட்கார்ந்து சுரக்கும் பிசின். ஜார்க்கண்டில் அதிகம் எடுக்கிறார்கள். புரசு, இலந்தை இரண்டும் அந்தப் பூச்சிக்குப் பிடித்த மரங்கள். புரசு என்றதும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் புரசைவாக்கம்தான் ஞாபகம் வந்தது. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே இந்த மரம்தான். கங்காதரேஸ்வரர் கோயிலில் அதுதான் தல விருட்சம். இத்தனை வருடம் புரசைவாக்கத்தில் புடவை எடுத்திருக்கிறேன், மரத்தை நினைத்ததே இல்லை.

மைசூரு போகும் வழியில், மரப் பொம்மைக்குப் பெயர்போன சென்னப்பட்டணாவில் இறங்கியதும் அரக்குக்காகத்தான். அங்கே பொம்மைக்கு ஸ்பிரிட்டே இல்லை. கடைசலில் வெப்பாலை மரம் சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அது உருகி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் தாழை மடலை வைத்து அழுத்தினால் பளபளப்பு. இவர் அரை மணி நேரம் அசையாமல் நின்றார். முப்பது வருட வேலையில் இவ்வளவு சின்ன பட்டறையில் இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்றார். ரயிலைத் தவறவிட்டோம். சரி, அடுத்த ரயில்.

இனி குறைகள். சென்னைக்கு இது முழுக்கப் பொருந்தாது. ஐப்பசி மழையில் அவசரப்பட்டு கண்ணாடிச் சட்டத்துக்குக் கடைசிக் கை போட்டேன். சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வந்துவிட்டது. காற்றில் உள்ள ஈரம் உள்ளே சிக்கிக்கொள்கிற கோளாறு. வெயில் வந்த ஒரு நாளில் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் தொட்டு மேலோட்டமாக ஒற்றி எடுத்தபோது போய்விட்டது. ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. மழைக்காலத்தில் பாட்டிலைத் தொடாமல் எங்கேயாவது ஊருக்குப் போய்விடுவதே மேல்.

சூடும் ஆகாது. காபி ட்ரேக்கு இதைப் போட்டது என் முட்டாள்தனம். முதல் டபராவே வெள்ளை வளையம் போட்டது. சானிடைசர் இன்னும் மோசம், அதிலும் ஆல்கஹால்தானே! பேத்தி கையைத் துடைத்துவிட்டு பாட்டிலைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். எடுத்தபோது அடியில் ஒரு வட்டம் அப்படியே பெயர்ந்து வந்தது. திட்டவில்லை. இரண்டு கையில் சரியாகிவிட்டது, அவளே தேய்த்தாள். சாப்பாட்டு மேஜை, வாசல் கதவு, பால்கனி நாற்காலி, இதற்கெல்லாம் அவலரக்கு வேண்டாம். அவற்றுக்கு அந்த இரண்டு டப்பா சரக்கே சரி, ஊருக்குப் போகாமல் இருந்தால்.

பளபளப்பு கண்ணாடி மாதிரி வர வேண்டும் என்பவர்களுக்குப் பொறுமை தேவை. சாய்வு நாற்காலிக்கு 14 கை ஆனது, நடுவில் மூன்று பயணம். பிரம்பு பின்ன வேறு ஆளிடம் கொடுத்தோம், அது எங்களுக்கு வராத வேலை. இப்போது அந்த நாற்காலியில் உட்கார எங்களுக்குள் போட்டி. "என்னங்க, நான் பாலிஷ் போட்டது" என்பேன். "ஆடுற காலை ஒட்டினது யாரு?" என்பார்.

வரும் புதன்கிழமை ராமேஸ்வரம். புதுப் பாம்பன் பாலத்தில் இன்னும் போகவில்லை. ஊஞ்சல் பலகைக்கு மூன்று கைதான் ஆகியிருக்கிறது. பஞ்சுப் பொட்டலத்தை மூடி இறுக்கிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தாயிற்று. வந்து பார்த்துக்கொள்ளலாம்.