இரட்டைக்குழிக் கழிப்பறை: முதல் குழியை அள்ளிய பிறகு

இரட்டைக்குழிக் கழிப்பறையைப் பற்றிக் கட்டி முடித்த கையோடு எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவதும், மூடியது காய்ந்து எருவானதும் அள்ளுவதும்தான் இதன் முறை. அதன் தரம் தெரிவது முதல் குழியை அள்ளும்போதுதான். எங்கள் வீட்டில் போன கோடையில் அள்ளினோம்.

புதுக்கோட்டைப் பக்கம் செம்மண் பூமி. கிணற்றுத் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். ஐந்து பேர் குடும்பம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட மூன்றடி அகல சிமெண்ட் உறைகளைக் குழிக்கு நாலாக இறக்கினோம். குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டர், கிணற்றிலிருந்து 10 மீட்டருக்கு மேல். அடியில் கான்கிரீட் கிடையாது. உள்ளே பூசித் தருகிறேன், ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு வழிய குழாயும் வைக்கிறேன் என்று கொத்தனார் கடைசிவரை சொல்லிப் பார்த்தார். இரண்டையும் மறுத்துவிட்டோம். பூசினால் தண்ணீர் மண்ணில் இறங்காது. குழாய் வைத்தால் இரண்டு குழியும் சேர்ந்தே நிறையும், எதுவும் காயாது. கழிவை இரண்டு குழிகளுக்கும் பிரித்துவிடும் ஒய் வடிவத் தொட்டியில் ஒரு வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைப்பதில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது.

முதல் குழி மூன்று வருஷம் தாண்டி வந்தது. கோடையிலும் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்ததும் வாயை மாற்றி அடைத்தோம். குறைந்தது ஒரு வருஷம் மூடி வைக்கச் சொல்வார்கள். நாங்கள் இரண்டு வருஷத்துக்கு மேலேயே விட்டுவிட்டோம்.

மூடியை நகர்த்தி வெகுநேரம் திறந்து போட்டோம். உள்ளே இருந்தது பாதிக்கும் கீழே வற்றி, பழைய தொழு எரு மாதிரிக் கறுப்பாக உதிர்ந்தது. வாடை இல்லை. உறை ஓட்டைகள் வழியாக வேப்ப மரத்தின் சல்லி வேர்கள் புகுந்து பின்னியிருந்தன. நானும் மனைவியும் மேலே நின்றே நீளக் காம்பு மண்வெட்டியால் வாரி, தென்னைக்குக் குழி பறித்துப் போட்டு மூடினோம். யாரும் உள்ளே இறங்கவில்லை. எனக்கு இதுதான் பெரிது. குழி அள்ளும் வேலை நம் ஊர்களில் எந்தச் சாதியார் தலையில் கட்டப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். மனிதக் கழிவை மனிதரை வைத்து அள்ளுவதற்குத் தடை போட்டு 2013-இல் சட்டம் வந்தும் செப்டிக் டேங்க் சாவுகள் நிற்கவில்லை. 2017 பிப்ரவரியில் அப்போதைய மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் இப்படி ஒரு குழியைத் தன் கையால் அள்ளிக் காட்டினார். அந்தச் செய்திதான் எங்களுக்குத் துணிச்சல் தந்தது.

தொந்தரவு இல்லாமல் இல்லை. அடைமழையில் தண்ணீர் இறங்க நேரமெடுக்கும். மூடியைச் சுற்றி மண் மேடு போட்ட பிறகு பரவாயில்லை. ஆசிட் ஊற்றக் கூடாது, நாப்கின் போடக் கூடாது. விருந்தாளிகளிடமும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறோம். சாய்வு அதிகமுள்ள கிராமத்துக் கழிப்பறைப் பீங்கான் என்பதால் இரண்டு லிட்டர் தண்ணீரே போதும்.

குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரை இதில் விடவே கூடாது. எங்களுக்கு அது சின்ன வண்டல் தொட்டி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது. தொட்டியில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை மாதம் ஒருமுறை வழிக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். அரிசி கழுவின தண்ணீர் எப்போதும்போல மாட்டுக்கு.

கடைமடை ஊர்களில், நாலடியில் ஊற்று வருகிற இடங்களில், இதைக் கட்ட வேண்டாம். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே மழைக்காலத்திலும் இரண்டு மீட்டராவது வேண்டும். கார்த்திகை மாதம் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.