ஒரே நாள், இரண்டு காட்சிகள்: மேட்னியா, இரவா, இசைத்தட்டா?

1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அன்று ஒரே கச்சேரி இரண்டு தடவை நடந்தது. மதியம் இரண்டரைக்கு ஒரு காட்சி, இரவு எட்டு மணிக்கு ஒரு காட்சி. இரண்டுக்கும் சேர்த்து சுமார் 40,000 பேர் வந்திருந்தார்கள். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் சேர்ந்து வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரி இது. இன்றைக்கு இதைக் கேட்க ஆசைப்படுகிறவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. பீட்டில்ஸின் ஆப்பிள் இசை நிறுவனம் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுப் பெட்டி. திரைப்படம். அப்புறம், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்த யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டு போன மேட்னிப் பதிவு. அதேபோல இன்னொன்று, இரவுக் காட்சிப் பதிவு.

எதைக் கேட்பது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: பாட்டு வேண்டுமென்றால் இசைத்தட்டு. அந்த நாளே வேண்டுமென்றால் மேட்னிப் பதிவு.

முதலில் அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம். 1970 நவம்பரில் போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. அடுத்த மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் இறங்கியது. எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்த அகதிகள் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு கோடியைத் தொட்டார்கள். வங்காளியான ரவிசங்கருக்கு அது சொந்த மண்ணின் துயரம். 25,000 டாலராவது திரட்ட முடியுமா என்றுதான் நண்பர் ஹாரிசனிடம் கேட்டார். ஹாரிசன் தொலைபேசியை எடுத்தார். சில வாரங்களுக்குள் ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், லியோன் ரசல், பில்லி பிரெஸ்டன், கிளாஸ் வோர்மன், ஜிம் கெல்ட்னர், பேட்ஃபிங்கர் குழு என்று ஒரு பெரும் பட்டாளமே சேர்ந்துவிட்டது. பாப் டிலன் மட்டும் வருவாரா மாட்டாரா என்று மேடை ஏறும் வரை தெரியாது. ஹாரிசன் தன் கிட்டாரில் ஒட்டிவைத்திருந்த பாட்டு வரிசைத் தாளில் டிலனுடைய இடத்தில் 'பாப்?' என்று கேள்விக்குறியோடுதான் எழுதியிருந்தது.

அந்தக் கேள்விக்குறியைத்தான் நான் எல்லாப் பதிவுகளிலும் தேடுகிறேன்.

இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து தொடங்கலாம். அரங்குக்கு வந்திருந்த ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவின் நடமாடும் சாதனத்தில் கேரி கெல்கிரன் 16 டிராக்கில் பதிந்தார். ஹாரிசனும் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரும் சேர்ந்து கலவை செய்தார்கள். ஒலி பிரமாதம். பெரும்பாலும் இரவுக் காட்சி, ஆங்காங்கே மேட்னி. முதல் ராக் பாட்டான 'வா-வா' இரண்டு காட்சிகளையும் வெட்டி ஒட்டியது. ஒட்டு தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. 1973 மார்ச்சில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது இதற்குத்தான் கிடைத்தது.

இந்திய இசைப் பகுதிக்கு இதைவிட்டால் வேறு வழியே கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபேலா, கமலா சக்கரவர்த்தி தம்பூரா. (கமலா, பாடகி லட்சுமி சங்கரின் தங்கை, சாஸ்திரி என்ற தென்னிந்தியக் குடும்பத்துப் பெண்கள் இருவரும்.) 'பங்களா துன்' இசைத்தட்டில் பதினாறு நிமிடத்துக்கு மேல் வருகிறது. சிதாரில் மீட்டும் தந்திகளுக்கு அடியில் தானாக அதிரும் தந்திகள் இருக்கின்றன. அவற்றின் ரீங்காரமும் தம்பூராவின் சுருதியும் மைக்குக்குப் பக்கத்தில்தான் உயிரோடிருக்கும். கார்டன் கட்டப்பட்டதோ கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும். அந்தக் கொட்டகையில் எங்கோ பின்வரிசையில் மடியில் வைத்த மைக் என்ன செய்யும்? தபேலாவின் இடது கை அதிர்வு வயிற்றில் இடிக்கும், சிதாரின் மேல்ஸ்தாயி ஊசிபோலக் கேட்கும், நடுவில் இருக்கும் எல்லாம் எதிரொலியில் கரைந்து போகும்.

சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியதே, அதுவும் இசைத்தட்டில் இருக்கிறது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்தீர்களானால் வாசிப்பதை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் சொல்கிறார். கேலியே இல்லாத குரல். புகை பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அதே மென்மையில்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பொறுமை அந்தக் குரலில் இருக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

திரைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சால் ஸ்விம்மர் இயக்கி 1972 மார்ச்சில் வெளிவந்தது. இதுவும் இரண்டு காட்சிகளின் கலவைதான். டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' இசைத்தட்டில் உண்டு, படத்தில் இல்லை. ஆனால் ஒரே ஒரு இடத்துக்காக இதைப் பார்த்தே ஆக வேண்டும். பில்லி பிரெஸ்டன் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து தன் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். முடியும் கட்டத்தில் எழுந்து மேடையின் முன்பக்கம் ஓடி வந்து ஆடுகிறார். இசைத்தட்டில் அந்த இடத்தில் கூட்டம் திடீரென்று ஆர்ப்பரிப்பது மட்டும்தான் கேட்கும், காரணம் தெரியாது. ரிங்கோ தன் பாட்டில் வரி மறந்து முணுமுணுத்துச் சமாளிக்கும்போது அவர் முகம் போகும் போக்கையும் படத்தில்தான் பார்க்க முடியும்.

சரி, கூட்டத்திலிருந்து எடுத்த பதிவுகளுக்கு வருவோம்.

இவற்றைக் கேட்கக் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஒற்றை மைக், மோனோ ஒலி. அந்தக் காலத்து கேசட் ரெக்கார்டர்கள் பலவற்றில் ஒலி அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் அமைப்பு உண்டு. கூட்டம் கத்தினால் அது பயந்துபோய் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அடுத்த பாட்டின் முதல் சில நொடிகள் பக்கத்து வீட்டு ரேடியோபோலத் தூரத்தில் கேட்டு, மெல்ல மெல்ல மேலே வரும். 90 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்தான். திருப்பிப் போடும்போது எந்தப் பாட்டு மாட்டுகிறதோ அதன் தலை போகும். பேட்டரி தளர்ந்தால் பதிவாகும்போது நாடா மெதுவாக ஓடும். பிறகு சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் பாட்டு வேகமெடுத்து சுருதி ஏறிவிடும். இதுபோக, நகலின் நகல் என்று கைமாறக் கைமாற ஒவ்வொரு தலைமுறைக்கும் 'உஸ்' என்ற இரைச்சல் ஒரு படி கூடும். அதனால் ஒரே கச்சேரியின் இரண்டு நகல்கள் இரண்டு வேறு பதிவுகள்போல இருக்கும். முந்தைய தலைமுறை நகல் கிடைத்தால் அதை விடாதீர்கள். இரைச்சலை வடிகட்டிச் 'சுத்தம்' செய்தது என்று வருபவற்றை நான் தவிர்த்துவிடுவேன். இரைச்சலோடு சேர்ந்து சிம்பலும் போய்விடும், கைதட்டலெல்லாம் தண்ணீருக்குள் கேட்பதுபோல ஆகிவிடும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு மேட்னிப் பதிவை ஏன் தூக்கிப் பிடிக்கிறேன்?

முதல் காரணம் பாட்டு வரிசை. மேட்னியில் 'வா-வா'வுக்கு அடுத்து 'சம்திங்' வருகிறது. இரவில் அந்த இடத்துக்கு 'மை ஸ்வீட் லார்ட்' வந்துவிட்டது, 'சம்திங்' கடைசிக்குப் போனது. மேட்னியில் டிலன் 'லவ் மைனஸ் ஜீரோ' பாடினார். இரவில் அதை விட்டுவிட்டு 'மிஸ்டர் டாம்பரின் மேன்' எடுத்தார். மதியம் ஒரு தடவை நடத்திப் பார்த்து, இடைவெளியில் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கச்சேரி தன்னைத் தானே திருத்திக்கொள்வதை இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் உணர முடியும். முழுமையாக்கப்பட்ட இசைத்தட்டு இதைக் காட்டாது, காட்ட வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். 1966 மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு டிலன் மேடைக்கு வருவதே அபூர்வமாகியிருந்தது. மேட்னிக்கு வந்தவர்களுக்கு அவர் வரப்போவது தெரியாது. ஹாரிசனும் பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமும் இரண்டு அக்கூஸ்டிக் கிட்டாரோடு 'ஹியர் கம்ஸ் தி சன்' முடிக்கிறார்கள். ஹாரிசன் திரும்பிப் பார்த்து, ஆள் வந்துவிட்டார் என்று கண்டு பெயரை அறிவிக்கிறார். இரவுக் காட்சிக்குள் அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவ நேரம் இருந்தது. இரவு வந்தவர்கள் எதிர்பார்த்துக் கத்தினார்கள். மேட்னிக்காரர்கள் நம்ப முடியாமல் கத்தினார்கள். இசைத்தட்டில் கூட்டம் என்பது பாட்டுக்குப் பின்னால் விரித்த ஜமுக்காளம். ஸ்பெக்டர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வைப்பார். கூட்டத்துக்குள் இருக்கும் மைக்குக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. அங்கே கூட்டம் முன்னால், பாட்டு பின்னால். அந்தக் கூச்சலைக் கேட்கத்தான் நான் அந்தப் பதிவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன்.

இசையாக மட்டும் பார்த்தால் மேட்னி பல இடங்களில் தோற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' ஓர் உதாரணம். கிளாப்டன் அப்போது ஹெராயின் பிடியில் இருந்தார். வருவாரா என்று கடைசி வரை சந்தேகம். மாற்றாக ஜெஸ்ஸி எட் டேவிஸைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். கடைசியில் இருவருமே மேடையில் இருந்தார்கள், கூடவே ஹாரிசன். இசைத்தட்டில் கிளாப்டனும் ஹாரிசனும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதுபோல வாசிப்பதைப் பிரித்துக் கேட்கலாம். மோனோப் பதிவில் எல்லாக் கிட்டாரும் ஒரே கயிறாக முறுக்கிக்கொள்ளும்.

இரவுக் காட்சிப் பதிவை நான் கடைசியில்தான் வைப்பேன். அதில் இருப்பதில் பெரும்பகுதி நல்ல ஒலியில் பெட்டியிலேயே வந்துவிட்டது. 'வா-வா'வை ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் கேட்கலாம் என்பதுதான் அதன் தனிப் பலன். சேகரிப்பவர்களுக்கு அது போதும், மற்றவர்களுக்கு அவசரமில்லை.

வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் 'மேட்னி, முழுசு' என்று உறையில் எழுதியிருந்த டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தேன். இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்தேன். 'வா-வா' முடிந்தது, அடுத்து 'மை ஸ்வீட் லார்ட்'. அந்த நொடியே தெரிந்துவிட்டது, இது இரவுக் காட்சி. மனசு விட்டுப்போனது. உறையை நம்பாதீர்கள், இரண்டாவது பாட்டைக் கேளுங்கள். அதிலும் சந்தேகம் என்றால் டிலன் பகுதிக்குப் போங்கள்: 'லவ் மைனஸ் ஜீரோ' வந்தால் மதியம், 'டாம்பரின் மேன்' வந்தால் இரவு. இரண்டுமே இருந்தால் யாரோ கலந்து கட்டியது.

டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியதே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். 1971 இலையுதிர் காலத்தில் அதிகாரபூர்வத் தொகுப்பு வெளிவராமல் இசை நிறுவனங்களுக்கு இடையிலான பேரத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. நவம்பரில் டிக் கேவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹாரிசன் இதை வெளிப்படையாகவே சொல்லிக் கோபப்பட்டார். அந்த இடைவெளியில் கள்ளத்தட்டு போட்டவர்கள் விற்றார்கள். டிக்கெட் விற்ற பணம் 2,43,418 டாலர் 50 சென்ட் யுனிசெஃபுக்குக் காசோலையாகப் போனது. ஆனால் முன்கூட்டியே யுனிசெஃப் நிகழ்ச்சியாகப் பதிவு செய்யாததால், தட்டும் படமும் ஈட்டிய பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க வரித்துறையிடம் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டது. போக வேண்டிய இடத்துக்குப் போவதே இவ்வளவு பாடாக இருக்கும்போது, கள்ளத்தட்டுக்குக் கொடுத்த ஒவ்வொரு டாலரும் முகாமில் இருந்த குழந்தைக்குப் போகாத டாலர். அதிகாரபூர்வ வெளியீட்டின் வருமானம் இன்றும் யுனிசெஃபுக்கான ஜார்ஜ் ஹாரிசன் நிதிக்குப் போகிறது. அதனால் முதலில் பெட்டியையோ 2005 மறுவெளியீட்டையோ வாங்குங்கள். கூட்டத்துப் பதிவு பிறகு வரட்டும், அதுவும் ரசிகர்கள் காசில்லாமல் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் மட்டும்.

2005 மறுவெளியீட்டில் மேட்னியின் 'லவ் மைனஸ் ஜீரோ'வைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். டிலன் ரசிகர்களுக்கு அதோடு ஒரு குறை தீர்ந்தது. எனக்கு இன்னொன்று பாக்கி இருக்கிறது. மேட்னியில் டிலன் மேடையை விட்டுப் போன பிறகு ஹாரிசன் 'ஹியர் மீ லார்ட்' பாடினார், முந்தைய ஆண்டு வெளியான தன் மூன்று தட்டுத் தொகுப்பிலிருந்து ஒரு மன்றாட்டு. அவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டத்துக்குப் பின்னால் அப்படி ஒரு பாட்டை வைக்கத் தைரியம் வேண்டும். இரவுக் காட்சியில் அதை எடுத்துவிட்டார்கள். 1974 அமெரிக்கப் பயணத்திலும் பாடவில்லை, 1991 ஜப்பானிலும் பாடவில்லை. 1971 பெட்டியில் இல்லை, படத்தில் இல்லை, 2005இலும் இல்லை. இரைச்சலுக்குப் பின்னால், கொஞ்சம் சுருதி ஏறிப்போய், பக்கத்து இருக்கை இருமலோடு, மேட்னிக்கு வந்த யாரோ ஒருவரின் நாடாவில் மட்டும் இருக்கிறது.