ராபர்ட் ஃபிஸ்க்: பல வருஷமா படிச்சிட்டு வர்ற அனுபவம்

மத்திய கிழக்கு பத்தி படிக்கணும், யார்கிட்டேர்ந்து ஆரம்பிக்கலாம்னு யாராச்சும் கேட்டா நான் சொல்ற முதல் பேரு ராபர்ட் ஃபிஸ்க்தான். பிரிட்டிஷ் பத்திரிகையாளர், 1976லேர்ந்து லெபனான் தலைநகர் பெய்ரூட்ல குடியிருந்து எழுதினவர், 2020 அக்டோபர்ல டப்ளின்ல இறந்துட்டார்.

முதல்ல படிச்சது 'பிட்டி தி நேஷன்', லெபனான் போர் பத்தினது. 1982 செப்டம்பர்ல பெய்ரூட்ல சப்ரா, ஷத்திலாங்கற பாலஸ்தீன அகதிகள் இருந்த இடங்கள்ல படுகொலை நடந்த கையோட அவரே உள்ள போயிருக்கார், அந்தப் பகுதிய என்னால ஒரே மூச்சுல படிக்க முடிஞ்சதே இல்ல. பிணங்கள விவரிக்கிறதோட அவர் நிக்கல, கொன்னது ஃபலாஞ்சிஸ்ட் (லெபனான் கிறிஸ்தவ ஆயுதக்குழு) ஆளுங்கன்னா அவங்கள உள்ள விட்டது யாரு, ராத்திரியெல்லாம் ஃப்ளேர் அடிச்சு வெளிச்சம் காட்டினது யாருன்னு கேட்டு இஸ்ரேல் ராணுவம் வரைக்கும் போறார்.

அடுத்தது 2005ல வந்த 'தி கிரேட் வார் ஃபார் சிவிலைசேஷன்', ஆயிரம் பக்கத்துக்கு மேல. அவரோட அப்பா முதல் உலகப்போர்ல சண்டை போட்டவர், அந்தப் போர் முடிஞ்சதும் ஜெயிச்சவங்க கிழிச்ச எல்லைக்கோட்டுக்குள்ள மாட்டின ஜனங்க எரியறதத்தான் தன் வாழ்க்கை பூரா பாத்துட்டு இருந்தேன்னு ஃபிஸ்க் சொல்றார், மொத்த புக்கும் இந்த ஒரு எண்ணத்துலதான் நிக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஏவுகணை கதை. 1996 ஏப்ரல்ல தெற்கு லெபனான்ல ஒரு ஆம்புலன்ஸ இஸ்ரேல் ஹெலிகாப்டர் அடிச்சதுல ரெண்டு பொம்பளைங்க, நாலு குழந்தைங்க செத்தாங்க. ஃபிஸ்க் அந்த ஹெல்ஃபயர் ஏவுகணையோட துண்டுல இருந்த நம்பர வச்சே தேடி, அமெரிக்காவுல ஜார்ஜியா வரைக்கும் போய் அத செஞ்ச கம்பெனி ஆளுங்க முன்னாடி துண்ட வச்சு கேள்வி கேட்டார். அத படிச்சப்பறம் எந்த குண்டுவீச்சு செய்தி பாத்தாலும் இது எங்க செஞ்சது, யார் வித்ததுன்னு மனசு தானா தேடுது, இந்தப் பழக்கத்துக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கேன்.

வேலையிலயும் அதே பிடிவாதம். 1988ல அமெரிக்க போர்க்கப்பல் ஈரான் பயணி விமானத்த சுட்டு 290 பேர் செத்தது பத்தி அவர் அனுப்பினத அவர் வேலை பாத்த லண்டன் பத்திரிகை தி டைம்ஸ் வெட்டிப் போட்டதாலதான் அங்கேர்ந்து விலகி தி இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்குப் போனார்.

குறைன்னா கடைசிக்கால சிரியா கட்டுரைங்க. ராணுவத்தோட கூட வர்ற நிருபருங்கள அவ்ளோ கடுமையா விமர்சனம் பண்ணவர், அங்க சிரியா ராணுவத்தோடயே போய் எழுதினார். 2018ல சிரியாவோட டூமா ஊர்ல விஷவாயு வீசினதா புகார் வந்த சம்பவத்துல ஜனங்களுக்கு மூச்சுத்திணறினது தூசியாலன்னு ஒரு டாக்டர் சொன்னத எழுதினார், ஆனா ரசாயன ஆயுதத் தடை அமைப்பு பின்னாடி அது குளோரின் வாயு, வீசினது சிரியா விமானப்படைன்னு முடிவுக்கு வந்துச்சு. இது எனக்கு இன்னும் வலிக்குது, அதனால சிரியாவுக்கு மட்டும் அவர தனியா படிக்காதீங்க, உள்ளூர் ஆளுங்க எழுதினதயும் பக்கத்துல வச்சுக்கோங்க.

புதுசா எடுக்கறவங்க பெரிய புக்க முதல் பக்கத்துலேர்ந்து வரிசையா படிக்கணும்னு இல்ல, ஈரான்-ஈராக் போர் அத்தியாயங்கள்ல ஆரம்பிங்க, அப்பறம் ஆர்மீனிய இனப்படுகொலை, மிச்சத்த மெதுவா பாத்துக்கலாம்.