டிஎக்ஸ்7: முப்பது வருசமும் ஒரு சில்லறைப் பற்றரியும்

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி மகன் நேற்றிரவு போனில் கேட்டான்: "அண்ணா, பாவிச்ச டிஎக்ஸ்7 ஒண்டு விலைக்கு வருது. எடுக்கட்டோ?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யமஹா 1983இல் விட்ட கீபோர்ட். ஆறு ஒப்பரேட்டர் (ஒன்றையொன்று அசைத்துச் சத்தம் உண்டாக்குகிற அலைகள்), 32 அல்கோரிதம் (அவற்றைக் கோர்க்கிற விதங்கள்), 61 கட்டை. எங்களுடையது ஜப்பானுக்கென்று செய்த 100 வோல்ட் மெஷின். 1991இல் பெரியண்ணா பாவித்ததாக வாங்கி, ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மரோடு கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கொளுக்கியே உதிர்கிறது. இதன் ஆணிகளும் துருப்பிடித்துவிட்டன. சத்தம் மட்டும் அன்று கேட்டது போலவே இருக்கிறது. மெல்லத் தொட்டால் கண்ணாடி, அழுத்தி அடித்தால் உலோகம். அந்த எலக்ட்ரிக் பியானோச் சத்தத்துக்காக மட்டுமே இதை நான் விற்க மாட்டேன்.

மணிச் சத்தம் இன்னும் விசேசம். இரண்டு ஒப்பரேட்டரின் விகிதத்தை முழு எண்ணில் வைக்காமல் 1க்கு 1.41 போல வைத்தால், மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விலகி நிற்கும். வெண்கலம் அப்படித்தான் ஒலிக்கும். ஒழுங்கை முனைப் பிள்ளையார் கோயில் மணியை அண்ணா பல இரவுகள் இருந்து இதில் கொண்டுவந்தார். அடி விழுந்தபின் வருகிற அந்த நடுக்கமும் அதில் இருந்தது. கனடா போகும்போது, "மணியைத் தொடாதை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மணி இப்போது இல்லை.

கரண்ட்டை நிறுத்தியபின் உள்ளிருக்கும் 32 சத்தங்களையும் காப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பற்றரி. 20 மில்லிமீட்டர் அகலம். மெமரி சிப் இழுப்பது மைக்ரோ அம்பியர் கணக்கில்தான் என்பதால் வருசக்கணக்காகத் தாங்கும். கம்பெனியில் வைத்த பற்றரி 2009 வரை எங்களுக்கு உழைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கழற்றி மாட்டுகிற ஹோல்டர் இல்லை. அக்காலத்துக் கருவிகள் பலவற்றில் அப்படித்தான். மேடை அதிர்ச்சியில் அசையாது என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் டோர்ச் பற்றரி போல வீட்டில் மாற்றியிருக்கக்கூடிய ஒன்றுக்காக, தெரியாத ஒருவரின் சோல்டரிங் அயனை நம்பிக் கருவியைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

புறக்கோட்டையில் ஒரு திருத்துநரிடம் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழையதை வெட்டி எடுத்துவிட்டு, புதியதில் நேரடியாக வயரைப் பற்றவைத்துத் தந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தேன். மணி இருந்த இடத்தில் பெயரும் இல்லை, ஒலியும் இல்லை. திரையில் பொருளில்லாத எழுத்துகள் மட்டும். அன்றிரவு அண்ணாவுக்குப் போன் எடுக்க என்னால் முடியவில்லை.

எனக்கு ஆறாத விசயம் இதுதான்: 32 சத்தமும் சேர்ந்து, கருவியைக் கணினியோடு இணைக்கிற மிடி வழியே 4104 பைட். மிடியின் வேகத்தில் அது வெளியே வர ஒன்றரை நொடிகூட ஆகாது. ஃபங்ஷன் 8 பட்டனில் சிஸ் இன்ஃபோவை (சத்தங்களை வெளியே அனுப்ப விடுகிற அமைப்பு) அவெய்லபிள் ஆக்கி, ஒரு கேபிளைக் குத்தியிருந்தால் மணி இன்றும் ஒலிக்கும்.

வயர் வைத்த அந்தப் பற்றரியும் 2022இல் செத்தது. 13 மணித்தியால மின்வெட்டு வந்த காலம் என்பதால் அதைத்தான் முதலில் குற்றம் சொன்னேன். அது பிழை. தினமும் நானே நிறுத்தி வைக்கிற கருவிக்கு மின்வெட்டு புதிதல்ல. நேரடியாகச் சூடு வைத்தால் இந்தப் பற்றரி கெட்டுப்போகும், சிலவேளை வெடிக்கவும் கூடும். இம்முறை நானே செய்தேன். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய ஈயத்தை மெதுவாக உறிஞ்சி எடுத்து, ஹோல்டரைப் பற்றவைத்தேன். அவசரப்பட்டு இழுத்திருந்தால் போர்டின் செப்புக் கோடு பெயர்ந்து வந்திருக்கும். பிளஸ் மைனஸை மூன்று தரம் பார்த்தேன். ஹோல்டர், பற்றரி இரண்டுக்கும் போனது ஒரு சோற்றுப் பார்சல் காசு. சார்ஜ் பண்ணுகிற எல்ஐஆர்2032ஐ யாராவது தந்தால் வாங்காதீர்கள். இதற்குள் அதைச் சார்ஜ் ஏற்ற வழியில்லை. பிறகு மெமரி ப்ரொடெக்ட் என்ற எழுத்துப் பூட்டை எடுத்துவிட்டு, கம்பெனிச் சத்தங்களைக் கணினியிலிருந்து ஏற்றினேன். மலிவான மிடி கேபிள் இரண்டு தரம் தரவைப் பாதியில் விழுங்கியது. நல்லதொன்றை இரவல் வாங்கித்தான் முடிந்தது.

இன்று காலை, பற்றரியின் வோல்ட்டைக் காட்டுகிற ஃபங்ஷன் 14இல் பார்த்தேன். 3.1 வோல்ட்.

தம்பி, இதைவிட எனக்குப் பிடித்த கீபோர்ட் வேறில்லை. ஆனாலும் நீ எடுக்காதை. கலியாண வீடுகளுக்கு ஏற்றி இறக்க 14 கிலோவும் ட்ரான்ஸ்ஃபோர்மரும் உனக்கு ஏன்? அப்படியும் எடுத்தே தீருவதென்றால், விற்கிறவரின் வீட்டிலேயே வைத்து உள்ளே இருப்பதை லப்டொப்பில் இறக்கிக்கொள். அது யாருடைய சத்தம் என்று அவரிடம் கேள்.