காசிமேட்டுல மீன் வெட்டித் தர்ற அக்கா: அஞ்சுக்கு அஞ்சு, மீன் வித்தவருக்கு ரெண்டு

தங்கச்சிக்கு குழந்தை பொறந்து பதினஞ்சு நாள் ஆச்சு, பால் ஊறணும்னு அம்மா திருக்கை புட்டுக்கு ஆர்டர் போட்டாங்க, அதான் ஞாயித்துக்கிழமை விடிகாலைலயே காசிமேடு போயிட்டேன். திருக்கை தோலை வீட்ல உரிக்கறதெல்லாம் நம்மால ஆகாது, வெட்டுற அக்காதான் கதி.

மீன் வித்தவர் மேல எனக்கு கோபம். விசைப்படகுல இறாலுக்குப் போட்ட மடில, அதாவது இழுவலைல, சேர்ந்து வந்த மீனு, "வயிறு கும்முனு இருக்கு பாரு, எல்லாம் சதை"ன்னு சொல்லி மூணரை கிலோ நிறுத்துட்டாரு.

அக்கா மொதல்ல வாலைத் தறிச்சு முள்ளைத் தனியா டப்பால போட்டாங்க, அப்புறம் அருவாமனைல வயித்தைக் கீறினவங்க கையை நிறுத்திட்டாங்க. "தம்பி, இது புள்ளத்தாச்சி." உள்ள ஒரே ஒரு குட்டி, ரெண்டு பக்க இறக்கையையும் வெத்தலை சுருட்டின மாதிரி சுருட்டிக்கிட்டு, முள்ளு மேல மெத்துனு ஒரு உறை, தாய்க்கு குத்திடக் கூடாதுல்ல. கருப்பை உள்சுவர் பூரா டவல்ல நூல் நிக்குமே அப்படி சிவப்பா நூல் நூலா, கூடவே கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு வெள்ளைத் திரவம். அதுதான் குட்டிக்குப் பாலு! மொதல்ல மஞ்சள் கரு, அது தீர்ந்ததும் அந்த நூல்கள்ல சுரக்கறதைக் குடிச்சு வளருது, தொப்புள்கொடி கிடையாது. பால் ஊற வாங்கின மீனுக்குள்ளயே பால், எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

எல்லாமே இடது பக்கம்தான் இருந்துச்சு, பல திருக்கைக்கு அந்தப் பக்க கருப்பை மட்டும்தான் வேலை செய்யுமாம். இறால் லட்சக்கணக்குல முட்டை விடும், இது மாசக்கணக்கா சுமந்து ஒண்ணு ரெண்டுதான் பெத்துக்கும், ஆனா ரெண்டையும் ஒரே மடிதான் வாருது. ஆமை தப்பிக்க மடியில கம்பி வைக்கறாங்களே, அதுல பெரிய திருக்கை வெளிய போயிடும், சின்னது கம்பி இடுக்குல பூந்து உள்ளயே மாட்டிக்கும். மாட்டின அதிர்ச்சியில பலது படகுத் தட்டுலயே குட்டியைத் தள்ளிடும், அதனால ஒரு மீனுக்கு எத்தனை குட்டின்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கே கணக்கு குறையும்.

அடுத்த தடவை ஆண் மீனா பாத்து வாங்குன்னு அக்கா சொன்னாங்க, வாலடியில ரெண்டு பக்கமும் விரல் மாதிரி தொங்கும், திருப்பிப் போட்டாலே தெரிஞ்சிடும். செத்த மீன்ல ஆணாவது பொண்ணாவதுன்னு கேட்கலாம், ஆனா வயித்து எடைக்கும் சேர்த்து காசு குடுத்தவன் நான்.

வெட்டு கூலி கிலோவுக்கு அம்பது ரூபா, ஜீபே உண்டு. தோல் ஒரு துளி இல்ல, புட்டுக்கு வேகவச்சு உதிர்க்க ஏத்த மாதிரி பெரிய துண்டா போட்டுத் தந்தாங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போ போனா க்யூ இருக்காது. புட்டு நல்லா வந்துச்சு, தங்கச்சிகிட்ட குட்டி விஷயத்தை நான் சொல்லல.