ப்ரெஸ்ட், ப்ரோஸ்ட்: நார்வே திருச்சபையின் இரு பட்டங்கள்

ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம் என்பதால் இரண்டும் ஒரே வேர் என்று தோன்றும். இல்லவே இல்லை.

சபைப் போதகரைக் குறிக்கும் 'ப்ரெஸ்ட்' நேரான கதை. மூத்தவர் எனப் பொருள்படும் கிரேக்கத்தின் 'பிரெஸ்பிட்டெரோஸ்', லத்தீன் வழியாக வடக்கே வந்தது. தமிழ் வேதாகமம் அதே கிரேக்கச் சொல்லைத்தான் 'மூப்பர்' என்கிறது.

பிஷப்புக்குக் கீழே பல சபைகளை மேற்பார்க்கும் 'ப்ரோஸ்ட்' லத்தீன் பிறப்பு: 'ப்ரேபோசிட்டுஸ்', முன்னே வைக்கப்பட்டவர். இதன் இன்னொரு வடிவமான 'ப்ரோபோசிட்டுஸ்' பழைய நார்ஸில் (நார்வே, ஐஸ்லாந்து மொழிகளின் மூதாதை மொழி) 'ப்ரோஃபாஸ்த்ர்' ஆனது. அப்புறம் நார்வேயில் நடு எழுத்துகள் தேய்ந்து, சொல் ஒரே அசையாகச் சுருங்கிவிட்டது. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் 'ப்ரோஃபாஸ்துர்' என்று முழுதாகச் சொல்கிறார்கள். டேனிஷ் எழுத்தில், அந்த 'ஃப்' இருந்த இடத்தில் 'வ்' இன்னும் நிற்கிறது. தேய்ந்த தடயம் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதால், எனக்கு ப்ரோஸ்ட்டின் வரலாறுதான் அதிகம் பிடிக்கும்.