வைஃபை பிரிண்டர்: 11 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கும்பகோணத்தில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக்கிக்கொண்டு, சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. படிவங்களும் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்து தருவது என் தொழில். ஒன்பது ஆண்டு உழைத்த லேசர் பிரிண்டர் ஓய்ந்துபோனபோது, ஸ்கேனும் நகலும் எடுக்கக்கூடிய இங்க் டேங்க் வகை வைஃபை பிரிண்டர் ஒன்றை வரி உட்பட 15,800 ரூபாய்க்கு வாங்கினேன். நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் நான் எழுதவில்லை. இங்கே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்த விலையில் கிடைக்கும் மற்றப் பிரிண்டர்களிலும் உண்டு என்பதால், ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாக இராது.

அச்சின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு எழுத்து தெளிவாக விழுகிறது, ஒரு பக்கத்துக்கு ஆகும் மைச்செலவு லேசர் டோனரைவிடக் குறைவு, தாளின் மறுபக்கத்தில் அச்சிட மட்டும் கையால் புரட்டிப் போட வேண்டும். என்னை அலைக்கழித்தது அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தப்பட்டிருந்த வயர்லெஸ் இணைப்புதான். அதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

இணைத்துக் கொடுப்பதற்காகக் கடையிலிருந்து வந்த தம்பி, "ரெண்டே நிமிஷம் சார், பட்டனை அமுக்கினா முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, டபிள்யூ.பி.எஸ். என்ற முறையில் ரவுட்டரில் ஒரு பொத்தானையும் பிரிண்டரில் ஒரு பொத்தானையும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் அழுத்தினால், கடவுச்சொல்லே கேட்காமல் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் இணைய நிறுவனம் தந்திருந்த ரவுட்டரில் அந்தப் பொத்தானே இல்லை. தம்பி ரவுட்டரை மேலும் கீழும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இல்லையே சார்" என்று எங்கள் வீட்டுக் குறையைப்போலச் சொன்னார். இதே முறையின் இன்னொரு வடிவமான எட்டு இலக்க எண்ணைப் பயன்படுத்தலாம் என்று கையேடு கூறுகிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எட்டு இலக்கங்களையும் ரவுட்டர் இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் எவரும் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ.3இல் டபிள்யூ.பி.எஸ். முறைக்கே இடமில்லை.

அடுத்த வழி செல்பேசிச் செயலி. செயலியை நிறுவியவுடன் அது இருப்பிட அனுமதி கேட்டது. பிரிண்டருக்கு என் இருப்பிடம் எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களைப் பார்க்க அந்த அனுமதி வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி என்று பின்னர் தெரிந்துகொண்டேன். செயலி முதலில் பிரிண்டர் தானே பரப்பும் தற்காலிக வைஃபையில் செல்பேசியைச் சேர்த்து, அதன் வழியாக வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பிரிண்டருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அந்தத் தற்காலிக வைஃபையில் இணையம் கிடையாது அல்லவா? இணையம் இல்லாததைக் கண்ட செல்பேசி, நமக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பாதியிலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. செயலியோ "பிரிண்டரைக் கண்டறிய முடியவில்லை" என்று கைவிரிக்கிறது. மூன்று முறை இப்படி ஆன பிறகு, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயன்றால் அந்தக் கட்டம் கடந்தது. கையேட்டில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் எனக்கு முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அதற்கும் மேலாக ஒரு தடை இருந்தது. பிரிண்டரின் இரண்டு வரித் திரையில் எதிர்வீட்டு வைஃபை தெரிந்தது, மாடியில் குடியிருப்பவர்களின் வைஃபை தெரிந்தது, எங்கள் வைஃபை மட்டும் தெரியவில்லை. தம்பி பிரிண்டரின் மேல் பழி போட்டார். நான் ரவுட்டரின் மேல் போட்டேன். உண்மையில் பழி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இரண்டு பெயர்களைப் பரப்பக்கூடியது. முதலாவது வேகம் குறைவு என்று என் மகள் எப்போதோ அதை அணைத்து வைத்திருந்தாள். இந்தப் பிரிண்டருக்கோ 2.4 மட்டுமே புரியும். (ரவுட்டரின் பெயருக்குப் பின்னால் வரும் 5ஜி வேறு, செல்பேசிச் சேவையின் 5ஜி வேறு. இதைச் சொன்னால் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்றும் நம்புவதில்லை.) அட்டைப்பெட்டியில் "வைஃபை" என்பது கட்டைவிரல் அளவு எழுத்தில் இருக்க, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்ற விவரம் அடிப்பக்கத்தில் எறும்பு வரிசைபோல் இருந்தது.

2.4 மட்டும் இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த அலைவரிசை சுவர்களை ஊடுருவி நெடுந்தொலைவு போகும். எங்களுடையதுபோன்ற தடித்த செங்கல் சுவர் வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாம் சுவரிலேயே மூச்சு வாங்குகிறது. ஒற்றை ஆன்டெனா கொண்ட பழைய 'என்' (802.11n) வகை வைஃபையே கோட்பாட்டளவில் நொடிக்கு 72 மெகாபிட் வரை கடத்தும். சில பக்கச் சலானுக்கு அது ஏராளம். மேலும், மடிக்கணினி 5 கிகாஹெர்ட்ஸ் பெயரிலும் பிரிண்டர் 2.4 பெயரிலும் இருந்தாலும் அச்சிட முடியும், ஏனெனில் இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே வலையமைப்புதான். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவியிலிருந்துதான் அச்சிட முடியாது. விருந்தினரை வீட்டுக் கருவிகளிடமிருந்து பிரித்து வைப்பதே அதன் வேலை.

2.4ஐ மீண்டும் உயிர்ப்பித்த பிறகு, செயலியின்மேல் நம்பிக்கை போய்விட்டதால், கடவுச்சொல்லைப் பிரிண்டரின் பலகையிலேயே உள்ளிட முடிவு செய்தேன். எழுத்துப் பலகை கிடையாது. எழுத்தைத் தேர்ந்தெடுக்க மேல் அம்பு, கீழ் அம்பு, ஓ.கே. ஆகிய மூன்று பொத்தான்கள் மட்டும், பக்கத்தில் ஒரு ரத்துப் பொத்தான். மேல் அம்பை அழுத்த அழுத்த முதலில் சிறிய எழுத்துகள், பிறகு பெரிய எழுத்துகள், பிறகு எண்கள், கடைசியில் குறியீடுகள் என ஒவ்வொன்றாக நகர்கின்றன. எங்கள் கடவுச்சொல் 14 எழுத்து. நடுவில் ஒரு ஹேஷ் (#) குறி. அந்தக் குறியை அவசரத்தில் தாண்டிப் போய்விட்டால் திரும்ப வருவதற்குள் கட்டைவிரல் வலிக்கும். பன்னிரண்டாம் எழுத்தில் கைதவறி ஓ.கே.க்குப் பதில் ரத்துப் பொத்தானை அழுத்தி, முதலிலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் நின்ற தம்பி, "பாஸ்வேர்டைச் சின்னதா வெச்சிருக்கலாம் சார்" என்றார். ஒருவழியாக நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. இரண்டு நிமிடம் என்று சொன்ன வேலைக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்த மதிப்புரையை எழுதியிருக்கவே மாட்டேன். உண்மையான தொல்லை இரண்டு வாரம் கழித்துத் தொடங்கியது. எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை முதல் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு நாள். மாதத்தின் 20ஆம் தேதி, அதாவது ஜி.எஸ்.டி. 3பி படிவத்துக்குக் கடைசி நாள். மாலையில் மின்சாரம் வந்தது, பிரிண்டரில் நீல விளக்கும் நிலையாக எரிந்தது, ஆனால் கணினியில் "ஆஃப்லைன்" என்றே காட்டியது. கையில் டோக்கன் இல்லாத குறையாக நான்கு வாடிக்கையாளர்கள் திண்ணையில் காத்திருந்தார்கள். அன்று யு.எஸ்.பி. கம்பியைத் தேடியெடுத்துச் செருகித்தான் மானம் காத்தேன்.

காரணம் பிறகு புரிந்தது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு ஐ.பி. முகவரியைத் தற்காலிகமாகவே தருகிறது. லாட்ஜ் மேனேஜர் வந்தவர்களுக்கு வந்த வரிசையில் அறை கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். மின்தடைக்கு முன் 192.168.1.5 என்ற அறையில் இருந்த பிரிண்டர், எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு வரிசையில் நின்றபோது 192.168.1.9க்கு மாறிவிட்டது. கணினியோ பழைய அறைக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டர் நலமாக இருக்கிறது, வைஃபையும் நலமாக இருக்கிறது, முகவரி மட்டும் தவறு. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால், ஒவ்வொரு முறையும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொல்கிறார்கள். நிறுவும்போது கணினி புதிய முகவரியைக் கண்டுபிடித்துக்கொள்வதால் அச்சு வந்துவிடும், அவர்களும் புகாரை முடித்துவிடுவார்கள், அடுத்த மின்தடையில் பழைய கதை தொடரும். இப்படி மூன்று முறை செய்த பிறகுதான் நானே உட்கார்ந்து படித்தேன்.

தீர்வு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலில் பிரிண்டரின் அமைப்புகளிலிருந்து நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தாளில் மேக் முகவரி என்று 12 இடங்கள் கொண்ட, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு தொடர் இருக்கும். பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. பகுதியில், இந்த மேக் முகவரி வந்தால் எப்போதும் 192.168.1.50ஐயே கொடு என்று ஒதுக்கி வைத்துவிட்டால், பிரிண்டருக்கு நிரந்தர அறை கிடைத்துவிடுகிறது. பிறகு கணினியில் பிரிண்டரின் பண்புகளைத் திறந்து, போர்ட் பகுதியில் விண்டோஸ் தானாக உருவாக்கியிருந்த டபிள்யூ.எஸ்.டி. போர்ட்டை விட்டுவிட்டு, டி.சி.பி./ஐ.பி. போர்ட் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து அந்த முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு எட்டு மாதங்களாக, எத்தனையோ மின்தடைகளுக்குப் பின்னும், "ஆஃப்லைன்" என்ற சொல்லை நான் பார்க்கவில்லை. ரவுட்டரில் சேனலைத் தானியங்கியாக விடாமல் 6 என நிலைநிறுத்தியதும் உதவியிருக்கலாம், 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே, அவற்றில் 6 எங்கள் தெருவில் காலியாக இருந்தது.

செல்பேசியிலிருந்து அச்சிடுவது இதைவிட எளிது. ஐஃபோன்களில் 2010 முதல் இருக்கும் ஏர்பிரிண்ட் இதில் உண்டு. மனைவியின் ஐஃபோன் எந்தச் செயலியும் இல்லாமலேயே பிரிண்டரைக் கண்டுகொண்டது. ஆண்ட்ராய்டிலும் உள்ளமைந்த அச்சுச் சேவையே போதுமானதாக இருப்பதால், நிறுவனத்தின் செயலியை நீக்கிவிட்டேன். ஊருக்கு வெளியே இருந்துகொண்டு வீட்டில் அச்சிடலாம் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அப்படிப்பட்ட வசதி அந்தந்த நிறுவனத்தின் சேவையைப் பொறுத்தது. கூகுளின் கிளவுட் பிரிண்ட் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டபோது, அதையே நம்பியிருந்த பழைய பிரிண்டர்கள் அந்த வசதியை இழந்தன.

பாதுகாப்பில் நிறுவனம் காட்டியிருக்கும் அலட்சியத்தை மன்னிப்பதற்கில்லை. ரவுட்டர் இல்லாமலேயே கருவிகளைப் பிரிண்டரோடு நேரடியாக இணைக்கும் வைஃபை டைரக்ட், பெட்டியிலிருந்து எடுத்தபோதே இயங்கிக்கொண்டிருந்தது, அதன் கடவுச்சொல் 12345678. தெருவில் நிற்கும் எவரும் இணைந்து அச்சிடலாம் என்ற நிலை. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் திறக்கும் பிரிண்டரின் அமைப்புப் பக்கத்துக்கும் கடவுச்சொல் போடப்படவில்லை. வாடிக்கையாளர்களின் பான் அட்டையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் அன்றாடம் ஸ்கேன் செய்யும் இடத்தில் இது சிறிய விஷயமன்று. வாங்குபவர்கள் முதல் நாளே வைஃபை டைரக்டை அணைத்து, அமைப்புப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டுவிட வேண்டும்.

அதே கடையில் 3,500 ரூபாய் கூடுதலாக, ஈத்தர்நெட் கம்பி செருகும் வசதியுள்ள மாடல் ஒன்று இருந்தது. வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு என்று அன்று அதை ஒதுக்கினேன். ரவுட்டரும் பிரிண்டரும் ஒரே அறையில் இருக்கும் அலுவலகங்களுக்கு நான் இன்று அந்த மாடலையே சொல்வேன். ஒரே கணினி மட்டும் உள்ளவர்களுக்கு யு.எஸ்.பி. கம்பியே போதும். இரண்டு கணினி, நான்கு செல்பேசி, வேறு அறையில் ரவுட்டர் என்று எங்களைப்போல் இருப்பவர்கள் இந்தப் பிரிண்டரை வாங்கலாம், ஆனால் ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லை இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு வாங்குங்கள். அச்சுக்கு ஐந்துக்கு நாலரையும், இணைக்கும் முறைக்கு ஐந்துக்கு இரண்டும் தருவேன்.

சென்ற மாதம் இணைய நிறுவனத்தினர் ரவுட்டரையே மாற்றிவிட்டுப் போனார்கள். புதிய ரவுட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் அதே 14 எழுத்துக் கடவுச்சொல்லையும் வைக்கச் சொன்னதால், அந்த மூன்று பொத்தான்களோடு நான் மறுபடியும் மல்லுக்கட்ட நேரவில்லை. முகவரி ஒதுக்கீட்டை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய மேக் முகவரி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்த நெட்வொர்க் அறிக்கைத் தாளிலேயே இருந்தது.